மனத்துக்கு இட்ட விலங்கு

1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் நாள், பிலிப்பீன்ஸ் நாட்டின் லுபாங் தீவுக் காட்டில், ஜப்பானியப் படை அதிகாரி ஒருவர் தம் பழைய மேலதிகாரியின் முன் விறைப்பாக நின்றார். அவர் பெயர் ஹிரூ ஓனோடா. மேலதிகாரியாக இருந்த தனிகுச்சி அப்போது ஜப்பானில் புத்தகக் கடை நடத்திக்கொண்டிருந்தார். "போர் நடவடிக்கைகளை நிறுத்தவும்" என்னும் கட்டளையை அவர் வாசித்துக் காட்டிய பின்னரே ஓனோடா துப்பாக்கியைக் கீழே வைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்போது 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

போர் முடிந்த செய்தியை அவருக்கு யாருமே சொல்லவில்லையா? பலமுறை சொன்னார்கள். விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்கள் வீசப்பட்டன. செய்தித்தாள்களும் குடும்பத்தாரின் கடிதங்களும் புகைப்படங்களும் காட்டில் போடப்பட்டன. உடன்பிறந்த அண்ணனே நேரில் வந்து ஒலிபெருக்கியில் அழைத்தார். அத்தனையும் எதிரியின் சூழ்ச்சி என்றே ஓனோடாவும் தோழர்களும் முடிவு செய்தனர். அண்ணனின் குரலைக்கூட யாரோ ஒருவன் திறமையாக நடிக்கிறான் என்று எண்ணிக்கொண்டனர். அந்த ஆண்டுகளில் அக்குழுவினரின் கையால் ஏறக்குறைய 30 தீவுவாசிகள் மாண்டனர். அவர்களோ பயிர்த்தொழிலையும் மீன்பிடித்தலையும் நம்பி வாழ்ந்த ஏழை எளியவர்கள்.

ஓனோடா அறிவில்லாதவர் அல்லர். முப்பது ஆண்டுகள் காட்டில் உயிர் பிழைத்திருக்கக் கூரிய அறிவு வேண்டும். ஆயினும் கண்ணெதிரே கிடந்த உண்மையை அவரால் நம்ப முடியவில்லை. அவருக்கு அளிக்கப்பட்ட இராணுவப் பயிற்சி இதற்கு ஒரு காரணம். அப்பயிற்சிக்கு முன்பே பள்ளிப் பருவம் முதல் அவர் தலைமுறைக்கு ஊட்டப்பட்ட போதனை மற்றொரு காரணம். ஓர் அரசு தன் குடிமக்களின் சிந்தனையை எவ்வாறு கட்டிப்போடுகிறது என்பதை ஜப்பானின் அந்நாளைய வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது நம் தோட்டங்களோடு தொடர்பில்லாத கதையன்று. 1942 முதல் 1945 வரை நம் முன்னோரும் அதே போதனையின் கீழ் வாழ்ந்தவர்களே.

கல்வி வேறு, கருத்துத் திணிப்பு வேறு

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லப்பட்ட பாடம் ஒன்றுண்டு. மாணவன் "ஏன்?" என்று கேட்டால் மகிழ வேண்டும், சினக்கக் கூடாது என்பதே அது. கல்விக்கும் கருத்துத் திணிப்புக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. கல்வி, கேள்வியை வரவேற்கிறது. தான் சொல்வது தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. கருத்துத் திணிப்புக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒரே விடையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது முதல் அடையாளம். வேறு விடை வரக்கூடிய வழிகளையெல்லாம் அடைப்பது இரண்டாவது. கேள்வி கேட்பதையே குற்றமாக்குவது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மக்களைக் காவல் காக்க நிறைய காவலர் தேவைப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தம் மனத்துக்குத் தாமே காவலராகிவிடுகின்றனர்.

பள்ளியில் தொடங்கிய விதை

1890-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் ஜப்பானியப் பேரரசரின் பெயரால் கல்விப் பிரகடனம் ஒன்று வெளியிடப்பட்டது. பெற்றோரைப் பேண வேண்டும், உடன்பிறந்தோரிடம் அன்பு காட்ட வேண்டும், கல்வியில் முயற்சி வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. இவை எவரும் மறுக்க முடியாத நற்பண்புகளே. ஆனால் அவற்றோடு, நாட்டுக்கு நெருக்கடி வரும்போது அரியணைக்காகத் தம்மை ஒப்படைக்க வேண்டும் என்னும் கடமையும் சேர்க்கப்பட்டிருந்தது. கசப்பான மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல், நல்லொழுக்கத்தோடு கலந்து வந்த அக்கருத்தைப் பிரித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

இப்பிரகடனத்தை மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். விழா நாள்களில் தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை அணிந்து அதனை வாசிப்பார். பிள்ளைகள் தலைகுனிந்து நிற்பர். பேரரசரின் திருவுருவப் படத்தையும் பிரகடனத்தையும் காப்பதற்கென்றே பள்ளி வளாகங்களில் தனி மண்டபங்கள் கட்டப்பட்டன. தீ விபத்தில் அப்படத்தைக் காக்கப் புகுந்து உயிர் துறந்த தலைமையாசிரியர்களும் உண்டு.

வணங்க மறுத்தால் என்ன ஆகும்? 1891-ஆம் ஆண்டு சனவரியில் தோக்கியோ நகரின் உயர்பள்ளி ஒன்றில் உச்சிமுரா கன்சோ என்னும் ஆசிரியர், பிரகடனத்தில் இருந்த பேரரசரின் கையொப்பத்துக்குப் போதிய அளவு தலை தாழ்த்தவில்லை. அதனால் எழுந்த கண்டனத்தில் அவர் வேலையை இழந்தார். தண்டிக்கப்பட்டவர் ஓர் ஆசிரியர்தாம். ஆனால் பாடம் கற்றுக்கொண்டவர்கள் நாடெங்கும் இருந்த ஆசிரியர்கள்.

அதன்பின் தொடக்கப்பள்ளிப் பாடநூல்களை அரசே எழுதி வெளியிடும் முறை 1904 முதல் நடைமுறைக்கு வந்தது. 1933-இல் வெளிவந்த முதலாம் வகுப்பு வாசிப்பு நூலில், செர்ரிப் பூக்கள் மலர்வதைச் சொல்லும் பக்கத்தை அடுத்துச் சில பக்கங்களிலேயே போர்வீரர்கள் அணிவகுத்து முன்னேறும் பாடம் வந்துவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தைக்குப் பூவும் படையும் ஒரே இயல்பான காட்சியாகிவிட்டன. 1937-இல் கல்வி அமைச்சே ஒரு நூலை வெளியிட்டு, பேரரசர் கடவுள் வழி வந்தவர், தனிமனித உரிமை என்பது மேலைநாட்டு நோய் என்று போதித்தது. 1941-இல் தொடக்கப்பள்ளிகளுக்குத் "தேசியப் பள்ளிகள்" என்று பெயர் சூட்டப்பட்டது. அப்பள்ளிகளில் படைப்பயிற்சி பாடத்தின் ஒரு பகுதியாயிற்று.

ஒரே செய்தி, ஒரே குரல்

பள்ளியில் விதைத்ததைக் காக்க வெளியே வேலி தேவைப்பட்டது. 1925-ஆம் ஆண்டு அமைதிப் பாதுகாப்புச் சட்டம் அரசமைப்பை எதிர்க்கும் இயக்கங்களைத் தடை செய்தது. 1928-இல் அச்சட்டத்தில் மரண தண்டனையும் சேர்க்கப்பட்டது. மக்களின் எண்ணங்களைக் கண்காணிக்கவே தனிப் போலீஸ் பிரிவு ஒன்று இயங்கியது. மக்கள் அதனைச் "சிந்தனைப் போலீஸ்" என்றே அழைத்தனர். சிறையில் அடைக்கப்பட்டோரை "மனம் மாறிவிட்டேன்" என்று எழுதிக் கொடுக்கச் செய்வது அப்போலீசாரின் முக்கியப் பணியாக இருந்தது. 1933-இல் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்கள் இருவர் சிறையிலிருந்தபடியே அவ்வாறு அறிவித்தனர். அவர்களைப் பின்பற்றி நூற்றுக்கணக்கானோர் தம் கொள்கையைக் கைவிட்டனர்.

1940 திசம்பரில் அமைச்சரவையின் தகவல் பணியகம் அமைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் இருந்த செய்தித்தாள்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, 1942-க்குள் பெரும்பாலும் மாநிலத்துக்கு ஒரே செய்தித்தாள் என்னும் நிலை வந்தது. வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1942 சூன் மாதம் மிட்வே தீவருகே நடந்த கடற்போரில் ஜப்பான் 4 விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. மக்களுக்கு அறிவிக்கப்பட்டதோ ஒன்று மூழ்கியது, ஒன்று சேதமுற்றது என்பதே. உண்மையை அறிந்த காயமுற்ற மாலுமிகள் கரை திரும்பியபோது, பிறரோடு பேச முடியாதவாறு தனித்து வைக்கப்பட்டனர். வெற்றி வாகை சூடிவருவதாக நம்பிய தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டிருந்தனர்.

சொல்லை மாற்றினால் எண்ணம் மாறும்

1943 பிப்ரவரியில் குவாடல்கனால் தீவிலிருந்து ஜப்பானியப் படை பின்வாங்கியது. ஆனால் "பின்வாங்கல்" என்னும் சொல் பயன்படுத்தப்படவில்லை; "திசை மாறி முன்னேறுதல்" என்று பொருள்படும் சொல் வழங்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அட்டு தீவில் இருந்த படை ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தபோது, "மணி சிதறுதல்" என்று பொருள்படும் ஓர் இலக்கியச் சொல்லால் அச்சாவு அழகுபடுத்தப்பட்டது. தோல்வியைக் குறிக்கும் சொல்லே நாட்டில் இல்லையென்றால், தோற்கிறோமா என்று ஒருவர் மற்றவரைக் கேட்பதும் இயலாது. பேஸ்பால் ஆட்டத்தில் வழங்கிய ஆங்கிலச் சொற்களும் அவ்வாண்டில் நீக்கப்பட்டன.

1940 முதல் ஏறக்குறைய பத்து வீடுகளுக்கு ஓர் அண்டைவீட்டார் குழு கட்டாயமாக்கப்பட்டது. உணவுப் பங்கீடு, தீயணைப்புப் பயிற்சி, போர்க் கடன் பத்திரம், படைக்குச் செல்வோரை வழியனுப்புதல் ஆகிய யாவும் இக்குழுவின் வழியாகவே நடந்தன. முணுமுணுப்பவர் யார், கொடியேற்றாதவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். அரிசி பெறும் இடத்திலேயே அச்சமும் பெறப்பட்டது. உள்ளத்தில் ஐயம் இருந்தவரும் வெளியே கைதட்டினார். அவர் கைதட்டுவதைக் கண்ட அடுத்த வீட்டுக்காரர், "ஐயம் எனக்கு மட்டுந்தான் போலும்" என்று எண்ணித் தாமும் கைதட்டினார்.

நம் மண்ணில் நடந்தது

1941 திசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பெயர் "சியோனான்" என்று மாற்றப்பட்டது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. நாள்காட்டியில் 1942 என்பது ஜப்பானிய முறைப்படி 2602 ஆயிற்று. பள்ளிகளில் நிப்போன்கோ என்னும் ஜப்பானிய மொழி புகுந்தது. பிள்ளைகள் காலையில் தோக்கியோ இருந்த திசை நோக்கி வணங்கி, அந்நாட்டுப் பண்ணைப் பாடினர். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டதாக ஐயுறப்பட்டவர்களைக் கெம்பித்தாய் என்னும் இராணுவப் போலீஸ் பிடித்துச் சென்று சித்திரவதை செய்தது.

"ஆசியா ஆசியருக்கே" என்பது அவர்களின் முழக்கம். அது ஏன் பலருடைய காதில் இனித்தது என்பதையும் நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் தோட்டத் தொழிலாளர் பட்ட துயர் உண்மையானது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது படை ஏவப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. இந்திய விடுதலைக்காகப் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த நம் தோட்டத்து ஆடவர், பெண்டிர் ஆகியோரின் விடுதலை வேட்கையும் உண்மையானதே. அதனை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. வலிமை மிக்க பிரச்சாரம் வெறும் பொய்யால் ஆனதன்று. மக்களின் நெஞ்சில் ஏற்கெனவே உள்ள உண்மையான புண்ணைத் தொட்டுக்காட்டி, அதன்மேல் தன் பொய்யை வைத்துக் கட்டுவதே அதன் முறை. "ஆசியா ஆசியருக்கே" என்று முழங்கிய அதே படை, சிங்கப்பூரை வென்ற சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கான சீனர்களைத் தேர்ந்தெடுத்துக் கொன்றது. அவர்களும் ஆசியர்கள்தாம்.

அடுத்து வந்தது சயாம் மரண ரயில். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்கு ஆள் வேண்டியிருந்தது. 1943-இல் மலாயாவில் ஆள் சேர்க்கும் அறிவிப்புகள் வந்தன. குறுகிய கால வேலை, நல்ல சம்பளம், தங்குமிடம், குடும்பத்தோடும் வரலாம் என்று வாக்களிக்கப்பட்டது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத காலம் அது. நம்பிப் போனவர்களும் உண்டு. பெரட்டுக்களத்திலிருந்து வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டவர்களும் உண்டு. காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் தொகை 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் நம் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர். என் பாட்டியாரின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். "மூணு மாசத்துல வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்று பாட்டியார் தம் இறுதிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதம் என்னும் சொல்லைச் சரிபார்க்க அன்று அவருக்கு ஒரு வழியும் இல்லை. வேறு செய்தித்தாள் இல்லை; வேறு வானொலி இல்லை; போனவர்களிடமிருந்து கடிதமும் இல்லை. சிந்தனைக்குப் போடும் பூட்டு இறுதியில் உடலையே பலி கொள்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மறுத்துரைத்தவர்கள்

இத்தகைய இருளிலும் கேள்வி கேட்டவர்கள் இல்லாமற் போகவில்லை. 1933-இல் தோக்கியோவைச் சுற்றி வான் தாக்குதல் தற்காப்பு ஒத்திகை நடந்தது. பகைவரின் விமானம் நகருக்கு மேல் வந்துவிட்டால் மரவீடுகள் யாவும் எரிந்துவிடும், பின்னர் ஒத்திகையால் பயனென்ன என்று கிர்யூ யூயூ என்னும் பத்திரிகையாசிரியர் தலையங்கம் எழுதினார். படையினரின் எதிர்ப்பால் அவர் பதவி விலக நேர்ந்தது. அதன்பின் தாமே ஒரு சிற்றேடு நடத்தி, 1941-இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டிருந்தார். 1945 மார்ச் 10-ஆம் நாள் ஒரே இரவில் தோக்கியோவில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் குண்டுத் தீயில் மாண்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுப்பிய எச்சரிக்கைக் குரலை அடக்கியதற்கு அந்நாடு கொடுத்த விலை சிறியதன்று.

1940 பிப்ரவரியில் சாய்த்தோ தகாவோ என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், "சீனாவில் நடக்கும் இப்போரின் நோக்கம்தான் என்ன? இது எப்போது முடியும்?" என்னும் கருத்துப்படக் கேள்வி எழுப்பினார். அதற்காக நாடாளுமன்றம் அவரை வெளியேற்றியது. ஆயினும் 1942 தேர்தலில் அரசின் ஆதரவின்றியே நின்ற அவரை அவர் தொகுதி மக்கள் வெற்றி பெறச் செய்தனர். கைதட்டிய கூட்டத்தினுள் எத்தனை பேர் உள்ளுக்குள் வேறு விதமாக எண்ணிக்கொண்டிருந்தனர் என்பதற்கு அவ்வெற்றி ஒரு சான்றாகும்.

கறுப்பு மை பூசிய பாடநூல்

1945 ஆகஸ்டு 15-ஆம் நாள் பேரரசரின் குரல் முதன்முறையாக வானொலியில் ஒலித்துப் போரின் முடிவை அறிவித்தது. சில வாரங்களில் பள்ளிகள் திறந்தன. புதிய பாடநூல் அச்சிட வழியில்லை. எனவே ஆசிரியர்கள் பக்க எண்ணும் வரி எண்ணும் சொல்ல, மாணவர்கள் தூரிகையால் போர்ப் புகழ் பாடும் வரிகள்மீது கறுப்பு மை பூசினர். நேற்றுவரை தலைக்கு மேல் உயர்த்தி வணங்கிய நூலை அதே ஆசிரியரே இன்று அழிக்கச் சொல்கிறார். அந்தப் பிள்ளைகளின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். "இனி எதையும் நானே ஆராய்ந்து பார்க்காமல் நம்பமாட்டேன்" என்று அன்று உறுதி பூண்டதாகப் பின்னாளில் பலர் எழுதியுள்ளனர். ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு இந்நிகழ்ச்சி பெரும் பாடமாகும்.

1947-இல் நடப்புக்கு வந்த ஜப்பானின் புதிய அரசியலமைப்புச் சட்டம் சிந்தனைச் சுதந்திரத்தை உறுதி செய்தது. 1948-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் 1890-ஆம் ஆண்டுக் கல்விப் பிரகடனம் செல்லாது என்று தீர்மானித்தது. ஆயினும் போராட்டம் அத்தோடு முடியவில்லை. பாடநூலில் போர்க் கொடுமைகளை எழுதுவதை அரசு தடுப்பது தவறு என்று வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ 1965-இல் தொடங்கிய வழக்குகள் 1997 வரை நடந்தன. இறுதித் தீர்ப்பில் ஒரு பகுதி அவருக்குச் சாதகமாக அமைந்தது. இன்று நம் நாட்டுக்கு நட்பு நாடாக விளங்கும் ஜப்பானையோ அம்மக்களையோ பழிப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. இதே முறைகளை ஜெர்மனியிலும் சோவியத் ரஷ்யாவிலும் வேறு பல நாடுகளிலும் உலகம் கண்டிருக்கிறது. எந்த இனமும் இதற்கு விலக்கன்று என்பதே கருத்து.

நாம் செய்ய வேண்டியவை

தோட்டத்திலிருந்தாலும் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்திருந்தாலும், இன்று செய்தி நம் கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. அன்று ஒரே குரல் ஒலித்தது. இன்று ஆயிரம் குரல்கள் ஒலிக்கின்றன. ஆயினும் ஒரே பொய்யை ஆயிரம் பேர் அனுப்பினால் அதுவும் ஒரே குரலே. எனவே எச்செய்தியைக் கேட்டாலும் நான்கு கேள்விகளை மனத்துக்குள் கேட்டுப் பழகுவோமாக.

முதலாவது, இதைச் சொல்பவர் யார், இதனால் அவருக்கு ஆவதென்ன? இரண்டாவது, இதனை மறுப்பவர் பேச இடமளிக்கப்பட்டிருக்கிறதா? மூன்றாவது, இதிலுள்ள சொற்கள் நடந்ததைச் சொல்கின்றனவா, மறைக்கின்றனவா? நான்காவது, இது ஓர் இனத்தையோ சமயத்தையோ வெறுக்கும்படி என்னைத் தூண்டுகிறதா?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்கும்போது "வாயை மூடு" என்று அடக்காதீர்கள். விடை தெரியாவிட்டால் "எனக்குத் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். எப்பொருள் யார்வாய்க் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்று வள்ளுவப் பெருந்தகை நமக்கு என்றோ வகுத்துத் தந்திருக்கிறார்.

தகவல் இலாகாவில் பணிபுரியும் நான் இதனை எழுதும்போது, "நீங்களும் அரசின் தகவலைத்தானே சொல்கிறீர்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வியே. மேலே சொன்ன நான்கு கேள்விகளும் இப்பக்கங்களுக்கும் பொருந்தும். இங்குள்ள ஆண்டுகளையும் எண்களையும் நூலகத்தில் சரிபாருங்கள். சயாமுக்குச் சென்றவர்களின் கதையை உங்கள் குடும்பத்து முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சொல்வது நான் எழுதியதினின்று வேறுபட்டால், தயங்காமல் இந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள்.